தவக்காலம் யாருக்கு?



சாம்பல் புதனன்று எல்லா நெற்றியிலும் ஒரே சாம்பல். எல்லாரும் மண்ணுதான்னு சொல்லுது திருச்சபை. அப்புறம் அந்த மண்ணுக்கு நடுவுல ஏன் சுவர்? திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவர் எதற்காக எழும்பியதென்று ஊருக்கே தெரியும்.

2008 மார்ச் 9, எறையூர். தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளை அடித்து நொறுக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. அன்று தவக்காலத்து ஞாயிறு!

நான் வங்கியில் கணக்கு எழுதுறவன். இந்தக் கணக்கு எனக்கு நேராகல. நாற்பது நாள் கறியை விடுறவங்க சாதியை ஒரு நாளும் விடல. நமக்குப் பட்டினி புதுசா? நுகத்தடியை முறிப்பதே நோன்பு என்றார் எசாயா. நுகத்தை வைத்தவன் அல்லவா ஒறுத்தல் செய்யணும்?

1950 ஆணையைத் திருத்தச் சொல்லி டில்லியிடம் நீதி கேட்கிறது திருச்சபை. நியாயம். அதே நீதி கல்லறைக்கும் வரட்டும். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேர் காலைக் கழுவுறீங்க. அந்தக் கால்கள் எல்லாத் தெருவிலும் நடக்க, தேர் எல்லாத் தெருவுக்கும் வர வழி செய்யுங்க. அதுதான் சேவை.

செபத்தை நான் கேலி பண்ணல. செபமாலையைப் பிடிச்சுத்தான் நம்ம அம்மாக்கள் உயிரோட இருந்தாங்க. சிலுவைப்பாதையின் 14ஆம் ஸ்தலம் இயேசுவின் அடக்கம். இனி அதைக் கல்லறைச் சுவரடியில் முழந்தாளிட்டுச் சொல்லுவோம். சாமியாரையும் கூப்பிடுவோம்.