கோட்டு உடம்பில் இருக்கட்டும்

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் சிறு விமானம் ஓட்டுகிறவர்கள் பனிக்காலத்தில் கதகதப்பான, நீர் புகாத உடையை உடுத்திக்கொண்டே பறப்பது தேவையா, வீண் சுமையா? தேவைதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

விமானத்துக்குள்தான் ஹீட்டர் இருக்கிறதே, கோட்டைப் பின் இருக்கையில் போட்டுவைத்தால் போதாதா என்று எதிரணி நண்பர் கேட்டார். ஐயா, அந்த ஹீட்டர் வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். செஸ்னா 172 போன்ற விமானத்தில் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை இருக்கும். அதற்குள் புகுந்து சூடாகும் காற்றுதான் நம்மிடம் வருகிறது. எஞ்சின் நின்றால் சூடும் போயிற்று. குழாயில் விரிசல் விட்டாலோ, கார்பன் மோனாக்சைடும் அதே வழியில் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சந்தேகம் வந்த கணமே ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்துவிட வேண்டும். மைனஸ் 30 டிகிரிக் காற்று முகத்தில் அடிக்கும்போது, பின் இருக்கைக் கோட்டை யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

1963 பிப்ரவரியில் ரால்ஃப் ஃப்ளோரெஸ் ஓட்டிய சிறு விமானம், யூகான் எல்லையை ஒட்டிய காட்டில் விழுந்தது. உடன் வந்த ஹெலன் கிளேபனுக்கு வயது 21. காட்டில் தங்குவதற்கு எந்த ஆயத்தமும் இல்லாமல் வந்தவர்கள். 49 நாள் கழித்து இருவரும் உயிரோடு மீண்டார்கள். ஆனால் குளிர் தின்ற கால்விரல்களை ஹெலன் இழக்க வேண்டியிருந்தது. அந்த விரல்களை நினைத்துப் பார்த்துவிட்டு, சுமை என்று சொல்லுங்கள்.

அலாஸ்காவில் சட்டமே இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. விமானத்தில் உயிர் காக்கும் அவசரப் பொருள்கள் இருந்தாக வேண்டும். நல்ல சட்டம். ஆனால் தீப்பிடித்த விமானத்திலிருந்து குதிக்கிறவர் எதை எடுத்துக்கொண்டு குதிப்பார்? உடுத்தியிருப்பது மட்டும்தான் அவரோடு வரும்.

அந்தக் குளிரில் மழை ஏது, நீர் புகாத உடை எதற்கு என்றும் கேட்டார்கள். பனியில் ஐந்து நிமிடம் மண்டியிட்டால் உடல் சூட்டில் அது உருகித் துணியில் ஊறும். நனைந்த பருத்தி ஜீன்ஸில் கதகதப்பு மிஞ்சாது. நனைந்த இறகுக் கோட்டிலும் மிஞ்சாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைப் பிடித்துவைக்கும். தீயிலும் அது நைலானைப் போல உருகித் தோலில் ஒட்டாது. அதனால் உடம்பை ஒட்டிக் கம்பளி, வெளியே நீர் புகாத உறை.

கிளம்பும் முன்பே இந்த உடைக்கு வேலை வந்துவிடுகிறது. இறக்கைக்கு அடியில் குனிந்து, எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சிறு குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். விமானப் பெட்ரோல் மைனஸ் 40லும் உறையாது. அந்தக் குளிர்ச்சியோடு வெறும் விரலில் வழிந்தால் தோல்தான் உறையும்.

தடித்த பூட்ஸ் போட்டால் பெடல் பிடிபடாது என்ற வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. அகலமான பூட்ஸ், ரடரை மிதிக்கும்போது பிரேக்கையும் சேர்த்து அழுத்திவிடும். அதற்காக மெல்லிய ஷூவுக்குப் போக வேண்டியதில்லை. கம்பளிக் காலுறைக்கு உள்ளே இடமும், ஒடுங்கிய அடியும் உள்ள பூட்ஸாக வாங்குங்கள். எஞ்சினைக் கிளப்புமுன் தரையிலேயே மிதித்துப் பழகுங்கள். கையுறையும் அப்படியே: ஸ்விட்ச் போட மெல்லியது ஒன்று, இறங்கினால் அதன்மேல் மாட்டத் தடித்தது ஒன்று. அந்தத் தடித்த ஜோடியும் ஒரு லைட்டரும் கோட்டுப் பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.