கரையோரத்துப் பாஸ் மீன்

அமெரிக்க ஏரிகளில் வாழும் பெருவாய்ப் பாஸ் மீனைப் போலி இரை காட்டிப் பிடிப்பர். படகில்லாதார் கரையில் நின்று, வலிமையெல்லாம் திரட்டி, ஏரியின் நடுவே தூண்டிலை வீசுவர். மீனோ பல வேளைகளில் அவர் காலடிக்கு அருகிலேயே இருக்கும்! நீர்ச்செடிகளின் ஓரத்திலும், சாய்ந்த மரத்தடியிலும் பதுங்கியிருந்து இரையைக் கவ்வுவது அதன் இயல்பு. ஆகவே ஓசையின்றி அணுகி, முதலில் கரையை ஒட்டியே வீசுதல் வேண்டும்.

எந்த இரை ஏற்றது? நீரைப் பார்த்தே முடிவு செய்யலாம். தெளிந்த நீரில் பாஸ் கண்ணால் வேட்டையாடும். அங்கே சிறுமீன் போன்ற இரை போதும். கலங்கிய நீரில் விலாவில் ஓடும் உணர்வுக்கோட்டால் அதிர்வை அறியும். அதற்குச் சுழலும் தகடுடைய இரை தக்கது. நீர் குளிர்ந்திருந்தால் மீன் மந்தமாயிருக்கும். இரையையும் மெல்லவே இழுத்தல் வேண்டும். செடிகள் அடர்ந்த இடத்திற்கு மென்மையான பிளாஸ்டிக் புழுவே என் தேர்வு. முள்ளின் முனையைப் புழுவினுள் மறைத்துவிட்டால் எளிதில் சிக்காது.

வசந்தகாலத்தில் ஆண்மீன் கரையோர ஆழமற்ற நீரில் முட்டைகளைக் காத்து நிற்கும். அப்போது எதை வீசினாலும் பாயும். பசியால் அன்று, காவலால். அதனைத் தூக்கிய சிறுபொழுதிலேயே பிற மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கும். அங்கே தூண்டில் வீசுவது எனக்கு உடன்பாடன்று.