மூளையலைக் கருவியும் இரு நாழிகைச் சாமாயிகமும்



சாகு ஜைன குடும்பத்தின் பெயரைத் தாங்கி, இரசாயனத் தொழிற்சாலையைச் சார்ந்து எழுந்த ஊர் சாகுபுரம். இவ்வட்டாரத்து உப்பளங்களில் வெயிலும் காற்றும் மனித உழைப்பும் கூடிக் கடல்நீரை உப்பாக்குகின்றன. பாத்திநீர் எவ்வளவு செறிந்துள்ளது என்பதை அறிய அதில் ஒரு மானியை மிதக்க விடுவர். அது ஏறத்தாழ 25 டிகிரி காட்டும்போது உப்பு படியத் தொடங்கும். மானி அளவைக் காட்டும், உப்பை விளைவிக்காது. மன அமைதிக்கென இன்று நகரங்களில் அளிக்கப்படும் 'நியூரோஃபீட்பேக்' என்னும் மூளையலைப் பின்னூட்டப் பயிற்சியை எடைபோட இவ்வுவமை துணைசெய்யும்.

இப்பயிற்சியில் தலையின்மேல் உணர்முனைகளைப் பொருத்தி, மூளையின் நுண்ணிய மின்னலைகளைக் கணினியில் காண்பர். விரும்பிய அலை எழுந்தால் திரைப்படம் தெளிவாக ஓடும், எழாவிடில் மங்கும். அந்தக் குறிப்பைக் கொண்டு மனத்தைப் பழக்குவதே முறை.

மனித மூளையலையை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். கண்மூடி அமைதியுற்றிருக்கும்போது நொடிக்கு 8 முதல் 13 முறை எழும் அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். தம்முள் அவ்வலை எழுந்துள்ளதா என்பதைச் சொல்லப் பழகிக்கொள்ள மனிதரால் இயலும் என்று அமெரிக்காவில் ஜோ காமியா பின்னர்க் காட்டினார். 1961இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகியரை ஆய்ந்து எழுதினர். தியானத்தில் ஆழ்ந்தோரின் ஆல்ஃபா அலையை ஒளியும் ஒலியும் கலைக்கவில்லை என்பது அவர்கள் கண்டது. அந்த யோகியர் எந்தத் திரையையும் பார்த்துப் பழகியவர் அல்லர்.

கவனக்குறைவுடைய சிறார்க்கு இப்பயிற்சி பரிந்துரைக்கப்படுவதுண்டு. அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையுள்ள 144 சிறாரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர்க்கு மெய்யான பின்னூட்டம். மற்றவர்க்கு அவர்கள் அறியாமலே பொய்ப் பின்னூட்டம். இரு பிரிவினரும் முன்னேறினர். இருவர்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒழுங்காக வந்து அமர்தல், பெரியோரின் ஊக்கம், நலம்பெறுவோம் என்னும் நம்பிக்கை ஆகியவையே பயன் தந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு. எனவே, அன்றாட மன அமைதிக்காகக் கடன்பட்டு இப்பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. அலைந்து திரியும் சிந்தையை ஒரு பொருளில் நிறுத்துவதே தியானம் என்கிறது தத்துவார்த்த சூத்திரம். ஆயினும் ஆர்த்தம், ரௌத்திரம், தர்மம், சுக்லம் எனத் தியானத்தை நால்வகையாகப் பிரித்து, முதலிரண்டையும் விலக்கத் தக்கவை என உரைக்கிறது. இழந்ததையே எண்ணி ஏங்குவதும், கொடுமையையே எண்ணிக் கொதிப்பதும் ஒருமுகப்பாடுதான். மனம் எதில் நின்றது என்பதைக் கருவியின் திரை காட்டாது. அதை அறியத் தன்னைத்தானே நோக்கும் பழக்கம் வேண்டும். சாமாயிகம் அப்பழக்கமே. அதற்குரிய ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், கட்டணம் ஏதுமில்லை.

இரவுப் பணி முடித்துத் திரும்புவோர்க்கும், தேர்வு அச்சத்தில் உழலும் மாணவர்க்கும் 48 நிமிடம் கடினமாகத் தோன்றலாம். கால் நாழிகையாகிய ஆறு நிமிடத்தில் தொடங்கலாம். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வீட்டுப் பெரியவர் அருகில் பேரப்பிள்ளையும் அமரட்டும். எழுந்தபின், "மனம் எங்கே போயிற்று?" என்று பெரியவர் கனிவோடு கேட்கட்டும். பிள்ளைக்கு வேண்டிய பின்னூட்டம் அதுவே.

எனினும் ஓர் எச்சரிக்கை. வாரக்கணக்கில் உறக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு, வலிப்பு முதலியவை இருப்பின் கருவியும் போதாது, சாமாயிகமும் போதாது. மருத்துவரை நாட வேண்டும். அதை மறைப்பது குடும்ப மானத்தைக் காப்பதாகாது. உயிரைக் காவாமல் விடுவதாகும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பிறவுயிர்க்கு இரங்கும் அகிம்சை, நோயுற்ற தன் மனத்திற்கும் இரங்குவதாகும்.