புளோரன்சு நகரின் கலைச்செல்வமும் ஒரு வெற்றுக் கல்லறையும்



ஒரு நகரின் பெருமை அதன் மாடமாளிகைகளில் உள்ளதா, அவற்றைப் படைத்தோரிடத்தில் உள்ளதா, காத்தோரிடத்தில் உள்ளதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர், இத்தாலி நாட்டில் ஆர்னோ ஆற்றங்கரையில் அமைந்த புளோரன்சு நகரை நோக்குதல் தகும்.

அந்நகரின் பெருங்கலைகள் மன்னர் ஆணையால் மட்டும் பிறந்தவை அல்ல. தொழிலாளரையும் வணிகரையும் ஆண்ட சங்கங்களின் பொறுப்பில் வளர்ந்தவை. திருமுழுக்குக் கோயிலின் வெண்கலக் கதவுக்காகத் துணி வணிகர் சங்கம் 1401-இல் போட்டி ஒன்றை அறிவித்தது. அதில் வென்றவர் கிபெர்த்தி. பின்னர் அவர் வடித்த மற்றொரு கதவு, 1425 முதல் 1452 வரை 27 ஆண்டு உழைப்பில் உருவாயிற்று. ‘சொர்க்க வாயில்’ என்று உலகம் போற்றுவது அதனையே.

1296-இல் தொடங்கிய பேராலயமோ நெடுங்காலம் குவிமாடமின்றி நின்றது. நாற்பது மீட்டருக்கும் மேல் அகன்ற அவ்வெளியை மூடும் வழி எவருக்கும் புலப்படவில்லை. பொற்கொல்லராகப் பயின்ற புருனெலெஸ்கி 1420-இல் அப்பணியைத் தொடங்கினார். தரையிலிருந்து தாங்கும் மரச்சட்டகம் இன்றி, உள்ளொன்றும் வெளியொன்றுமாக இரட்டைக் கூடு அமைத்தார். செங்கற்களை மீன்முள் வடிவில் அடுக்கி, ஒவ்வொரு வளையமும் தன்னைத் தானே தாங்குமாறு எழுப்பினார். 1436-இல் குவிமாடம் நிறைவெய்தியது.

படைத்தோர் பெருமை இது. காத்தோர் பெருமை இதற்குக் குறைந்ததன்று. மெடிசி குடியின் இறுதி வாரிசான அன்னா மரியா லூயிசா, 1737-இல் ஆட்சிக்கு வந்த புதிய அரச குடியோடு உடன்படிக்கை செய்துகொண்டார். தம் குலம் சேர்த்த ஓவியம், சிற்பம், நூல் எவையும் நகரை விட்டு அகலக் கூடாது என்பதே அதன் சாரம். 1944-இல் பின்வாங்கிய செர்மானியப் படை, பழைய பாலம் ஒன்றைத் தவிர ஏனைய ஆற்றுப் பாலங்களைத் தகர்த்தது. சாந்தா திரினித்தா பாலத்தின் கற்களை ஆற்றிலிருந்து எடுத்து, 1958-இல் அப்பாலத்தை மீண்டும் எழுப்பினர். அதன்மேல் நின்ற வசந்தச் சிலையின் தலை 1961-இல் ஆற்றுப் படுகையில் கிடைத்தது.

1966 நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ பெருக்கெடுத்தது. சொர்க்க வாயிலின் பத்துப் பலகைகளுள் ஐந்து பெயர்ந்தன. சீமபூவே தீட்டிய சிலுவை ஓவியம் தன் வண்ணத்தின் பெரும்பகுதியை இழந்தது. தேசிய நூலகத்தின் இலட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாட்டு இளைஞர்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி அந்நூல்களை வெளிக்கொணர்ந்தனர். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அந்நகரம் அவர்களை அழைத்தது.

கல்லையும் ஏட்டையும் இவ்வளவு அன்போடு மீட்ட நகரம் மீட்க இயலாத ஒன்றும் உண்டு. அது தன் கவிஞனின் உடல்.

தாந்தே அந்நகரில் பிறந்தவர். அத்திருமுழுக்குக் கோயிலில் பெயர் பெற்றவர். இலத்தீனை விடுத்து மக்கள் மொழியில் பெருங்காப்பியம் படைத்தவர். கட்சிப் பூசல் 1302-இல் அவரை நாடு கடத்தியது. அகப்பட்டால் தீயிலிட வேண்டுமெனவும் தீர்ப்பாயிற்று. 1321-இல் அவர் ராவென்னா நகரில் மறைந்தார். அதன்பின் புளோரன்சு அவர் எலும்புகளைக் கேட்டது. 1519-இல் எழுந்த வேண்டுகோளில் மைக்கலாஞ்சலோவும் கையொப்பமிட்டு, கல்லறையைத் தாமே வடிக்க முன்வந்தார். ஆனால் ராவென்னாத் துறவியர் எலும்புகளை மறைத்துவிட்டனர். அவை 1865-இல்தான் வெளிப்பட்டன.

சாந்தா குரோச்சே ஆலயத்தில் மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் துயில்கின்றனர். அவர்கள் அருகே தாந்தேவுக்கு எழுப்பிய கல்லறை மட்டும் வெறுமையாய் நிற்கிறது. 2008-இல் நகரவை பழைய தீர்ப்பை நீக்கத் தீர்மானம் இயற்றியது. ஆண்டுதோறும் செப்டம்பரில், ராவென்னாவில் அவர் கல்லறையில் எரியும் விளக்குக்குப் புளோரன்சு எண்ணெய் அளித்து வருகிறது.

ஆற்றில் வீழ்ந்த கல்லைத் தேடி எடுக்கலாம். சேறு படிந்த ஏட்டைக் கழுவி உலர்த்தலாம். வாழும் நாளில் துரத்திய கவிஞனுக்கோ, பிந்திய தலைமுறை எண்ணெய் மட்டுமே அனுப்ப முடிகிறது. கலைமரபைக் காத்தல் என்பது கோபுரத்தைக் காத்தலோடு முடிவதன்று. உயிரோடிருக்கும் பாவலனின் மாற்றுக் குரலுக்கும் ஊரில் இடமளித்தலே அதன் தொடக்கம். கவிஞர் கூடிப் பத்தாண்டு வளர்த்த இத்தகைய வட்டங்களின் பயனும் அதுவேயாகும்.