வினவுகிறதா, ஏவுகிறதா?



‘மழை பெய்யின் நெல்லை உள்ளே எடுத்து வை’ என்றால், கேட்பவர் வானம் கருக்கும்போதே எடுத்து வைப்பார். கணிப்பொறி அங்ஙனம் உய்த்துணராது; எழுதியதை எழுதியவாறே செய்யும். ‘இஃது எனின் இதைச் செய், இன்றேல் அதைச் செய்’ என்னும் எனின்-கூற்றில் தொடக்க மாணவர் இடறுவதன் கரணியம் இதுவே.

முதலாவது குறிப்பிழை. 1970-களின் தொடக்கத்தில் தென்னிசு இரிட்சி ஆக்கிய சி மொழியில், ஒற்றைக் குறி (=) ‘இம்மதிப்பை இடு’ என ஏவும்; இரட்டைக் குறி (==) ‘நிகரா?’ என வினவும். வினவ வேண்டிய இடத்தில் ஒற்றைக் குறியிடின், வினா ஏவலாகிவிடும். 2003 நவம்பரில் இலினக்சு இயங்குதளத்தின் மூலநிரற் படியொன்றில் யாரோ இதனையே சூழ்ச்சியாகப் புகுத்தினர். பயனரின் எண் சுழியா என வினவுவதுபோல் தோன்றிய வரி, அவ்வெண்ணைச் சுழியாக்கி, முழு ஆளுரிமையையும் தந்துவிடுவதாயிருந்தது. முதன்மை நிரலை அடையுமுன் அது கண்டறியப்பட்டது.

இரண்டாவது வரிசைப் பிழை. ‘மதிப்பெண் 35-க்குக் குறையாதெனின் தேர்ச்சி, இன்றேல், 60-க்குக் குறையாதெனின் முதல் வகுப்பு’ என எழுதினால், 80 பெற்றவரும் வெறுந் தேர்ச்சியோடு நிற்பார். முதல் வினாவே மெய்யாகிவிட்டமையால், அடுத்த வினாவைக் கணிப்பொறி நோக்காது. உயர்ந்த எல்லையை முன்வைத்தலே திருத்தம்.

மூன்றாவது அடைப்புப் பிழை. சி மொழியில் அடைப்புக்குறி இல்லாத எனின்-கூற்று, அடுத்துள்ள ஓர் ஆணையை மட்டுமே ஆளும். இரண்டாம் ஆணையை உள்தள்ளி எழுதினும் அது கட்டுக்குள் வாராது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் திருத்திய பிழை இவ்வகையினது. வெளியேறத் தாவும் ஆணை அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது கட்டுக்குட்பட்டது, இரண்டாவதோ எப்போதும் நடந்தது. அதனால் இணையத் தொடர்பில் கையொப்பத்தை ஆராயும் பகுதி தாண்டப்பட்டது. பிழை ஏதும் பதிவாகாமையால், போலியும் மெய்யென ஏற்கப்படும் நிலை உண்டாயிற்று.

இளையோரே! ஓர் ஆணையேயாயினும் அடைப்புக்குள் இடுங்கள். எல்லை 60 எனின், 59, 60, 61 மூன்றையும் இட்டு ஆய்ந்து பாருங்கள். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து, ‘இது வினவுகிறதா, ஏவுகிறதா?’ எனக் கேளுங்கள். வினாவையும் ஏவலையும் பிரித்தறியும் இலக்கணப் பயிற்சி உடையார்க்கு, இஃது அரிய செயலன்று.