படத்தின் பின்னால் நிற்கும் மரம்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும்தான் பேசுபொருள் என்பது கரவெட்டியில் எழுதாச் சட்டம். விழாக் குழுவிடம் ஒரு நாள் விலக்குக் கேட்டோம். "பயணக் கதை எண்டாலும் பரவாயில்லை டொக்டர், நேரத்துக்கு முடிச்சால் போதும்" என்றார்கள். ஆகவே இது பயணக் கதை. முடிவில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறோம்.

பட்டமேற்படிப்பின் வெளிநாட்டுப் பயிற்சிக்காகக் குடும்பமாக இரண்டு வருடங்கள் மெல்பேர்ணில் இருந்தோம். 2018 செப்ரெம்பர் பாடசாலை விடுமுறையில், ஒரு பழைய ரொயோட்டாவில் ஐந்து பேரும் புறப்பட்டோம். நாங்கள் இருவர், 11 வயது மகள், 7 வயது மகன், மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மா. தென்மேற்கு விக்ரோறியாவின் தேசியப் பூங்காக்கள் ஊடாகத் தென் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் காம்பியர் நகரம் வரை போய், கிராம்பியன்ஸ் மலைகள் வழியாகத் திரும்புவதாகத் திட்டம். எட்டு நாட்கள். அம்மாவின் மடியில் ஒரு ரின் பருத்தித்துறை வடை. அது இல்லாமல் வடமராட்சியார் எங்கே பயணம் போனார்கள்?

முதலில் கிரேற் ஓஷன் றோட். கடலை ஒட்டி 243 கிலோமீற்றர். வீதியின் குறுக்கே மரத்தாலான ஒரு வளைவு நிற்கிறது. முதலாம் உலகப் போரிலிருந்து உயிரோடு திரும்பிய ஏறத்தாழ 3,000 வீரர்கள், 1919 முதல் 1932 வரை பிக்கானும் சவளும் கொண்டு வெட்டிய வீதி இது. திரும்பாத தோழர்களின் நினைவுச்சின்னமும் இந்த வீதிதான். 1924 இல் ஒரு கப்பல் பாறையில் மோதி, நூற்றுக்கணக்கான பியர்ப் பீப்பாய்களைக் கடலில் தள்ளியதாம். அவற்றைக் கரையில் பொறுக்கிய தொழிலாளர் இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கதை. மகள் பலகையை வாசித்து மொழிபெயர்க்க, அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "செத்தவைக்கு நினைவும் வந்திட்டுது, திரும்பி வந்தவைக்கு வேலையும் கிடைச்சிட்டுது" என்று மட்டும் சொன்னார். காரில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

அடுத்தது ஒற்வே தேசியப் பூங்கா. ஆள் உயரத்தைத் தாண்டிய பன்னங்கள், ஈரம், இருட்டு. பிள்ளைகள் ஓடத் தொடங்கியதும் அம்மா பின்னால் நின்று கத்தினார்: "பாதையை விட்டு இறங்காதேங்கோ!" திரும்பிப் பார்த்தால் பூங்காக்காரரின் அறிவித்தலிலும் அதே வசனம். அவர்கள் எழுதியது மிதிபடும் செடிகளுக்காக. அம்மா சொன்னது எதற்காக என்று இந்த மண்டபத்தில் விளக்க வேண்டியதில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எங்கள் தலைமுறைக்கு வில்பத்து என்பது சமூகக்கல்விப் புத்தகத்தில் ஒரு பச்சைத் திட்டு. அது பூட்டியிருந்து, 2003 இல் மீளத் திறந்தபோது எங்கள் பாடசாலைக் காலமே முடிந்துவிட்டது. கிளாலியில் இரவு வள்ளம் ஏறுவதுதான் எங்களுக்குத் தெரிந்த நெடும்பயணம். காட்டுக்குள் சும்மா பார்க்கப் போகலாம் என்பதை, எங்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் கற்றோம்.

போட் கம்பெல் தேசியப் பூங்காவில் கடலுக்குள் நிற்கும் 'பன்னிரு அப்போஸ்தலர்' தூண்களை நீங்கள் நாட்காட்டிகளில் பார்த்திருப்பீர்கள். பெயர்தான் பன்னிரண்டு, நாங்கள் போனபோது எட்டு. சுமார் 50 மீற்றர் உயரமான ஒரு தூண் 2005 யூலை 3 இல் ஒரு நொடியில் சரிந்து போனது. அம்மா கல்லைப் பார்த்ததும், "இது எங்கட கல்லெல்லே!" என்றார். சரிதான். அந்தக் கரையும் நமது குடாநாடும் மயோசீன் காலத்தில் கடலடியில் படிந்த சுண்ணக்கல். ஒன்பதாயிரம் கிலோமீற்றர் கிட்டப் பறந்து போய், வளவுக் கிணற்றின் உட்சுவரைப் பார்த்துவிட்டு நின்றோம்.

ஆனால் இந்தக் கதையைச் சொல்ல வந்தது அடுத்த இடத்துக்காக. வார்ணம்பூல் நகரத்துக்கு அப்பால் ரவர் ஹில் என்று ஒரு பழைய எரிமலை வாய். உள்ளே ஏரி, அதன் நடுவே குன்றுகள், எங்கும் மரம். கோலா மேலே தூங்குகிறது. ஈமு கீழே திரிகிறது. (அதில் ஒன்று மகனின் கையிலிருந்த வடையைக் கொத்திக்கொண்டு போனது. உறைப்பு அதற்குப் பிடித்ததா தெரியாது, திரும்பி வரவில்லை.) ஆதிக்காடு என்றுதான் நினைத்தோம். அது நட்ட காடு.

1855 இல் ஒய்கன் ஃபொன் கெராட் என்ற ஓவியர் அந்த எரிமலை வாயை வரைந்தார். ஜேம்ஸ் டோசன் என்ற குடியேறி சொல்லி வரைவித்த படம். செடிக்குச் செடி வேறுபாடு தெரிய வரைந்திருக்கிறார். பிறகு மரங்களை வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், கல் உடைத்தார்கள். 1892 இல் விக்ரோறியாவின் முதலாவது தேசியப் பூங்கா என்று அறிவித்தும் அழிவு நிற்கவில்லை. பெயர்ப்பலகை மட்டும் ஒரு காட்டையும் காப்பாற்றாது. 1960களில் மீள நடத் தீர்மானித்தபோது, முன்பு அங்கே என்ன நின்றது என்ற கேள்வி வந்தது. அப்போது அந்தப் பழைய ஓவியத்தை எடுத்து வைத்து, எந்தச் சரிவில் எந்த மரம் என்று தாவரவியலாளர் பார்த்தார்கள். பாடசாலைப் பிள்ளைகள் உட்படத் தொண்டர்கள் கூடி நட்டார்கள். சுமார் 3 இலட்சம் மரங்களும் செடிகளும். ஓவியம் இன்றும் வார்ணம்பூல் கலைக்கூடத்தில் தொங்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், நாம் பெண்கள் பாடசாலையல்லவா? அந்த டோசனின் மகள் இசபெல்லா, அப்பகுதிப் பூர்வகுடிகளின் மொழிகளைக் கற்றவர். தகப்பனும் மகளும் சேர்த்த சொற்களும் வழக்கங்களும் 1881 இல் நூலாக வந்தன. அட்டையில் தகப்பன் பெயர்தான் இருக்கிறது. வேலையில் மகளுக்கும் பங்கு உண்டு.

பட்ஜ் பிம் பூங்காவில், குண்டிச்மாரா மக்கள் எரிமலைக் கல்லை அடுக்கி விலாங்கு மீன் பிடிக்க அமைத்த வாய்க்கால்களைப் பார்த்தோம். 6,600 வருடப் பழமை. அடுத்த ஆண்டே யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. தொண்டைமானாற்று நீரேரியில் மீன் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு அதை ஒருவரும் விளக்கத் தேவைப்படவில்லை.

மவுண்ட் காம்பியரில் மழை பிடித்துக்கொண்டது. அங்குள்ள நீல ஏரி நவம்பரில்தான் கடும் நீலமாகும். நாங்கள் பார்த்தது சாம்பல் நிறம். பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். சுண்ணக்கல்லின் வழியே ஊறிவரும் அந்த ஏரி நீரைத்தான் ஊர் குடிக்கிறது. நிலத்தின் மேல் கொட்டியது கிணற்றில் வந்து நிற்கும் என்பது யாழ்ப்பாணத்திலும் அதே விதிதான். நம் தோட்டக் கிணறுகளின் நைத்திரேற்றைப் பற்றி அடுத்த முறை வைத்தியராகவே வந்து பேசுகிறோம்.

அன்றிரவு வாடகைக் குடிலுக்குள் அடைபட்டு இருந்தபோது மகள் கேட்டாள்: "அம்மம்மா, கரவெட்டிக்கு அப்பிடி ஒரு படம் இருக்கோ?"

அம்மா ஒரு தாளை எடுத்தார். நெல்லியடிச் சந்தியிலிருந்து தன் பாடசாலைப் பாதையைக் கீறத் தொடங்கினார். ஒழுங்கைகள், கேணி, மடம், சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல், துலா நின்ற கிணறுகள், எந்த வேலி பூவரசு, எந்த வேலி முட்கிளுவை என்பது வரை. வயலோரத்தில் நின்ற பனங்கூடலுக்கு வந்ததும் கை நின்றது. பனைகள் பதுங்குகுழிகளுக்குப் போன காலம் நம் எல்லோருக்கும் தெரியும். "இதில எத்தினை நிண்டது எண்டு இப்ப ஆருக்குத் தெரியும்?" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்பப் பார்த்தோம். 1987 மே மாதம் கோயிலுக்கு ஓடிய பாதை மட்டும் துல்லியமாக நினைவில் இருந்தது. அதன் இருபுறமும் நின்ற மரங்கள் இல்லை.

கிராம்பியன்ஸில் கங்காருக்களைப் பார்த்தோம். அழகுதான். ஆனால் மனம் அந்தத் தாளிலேயே இருந்தது.

ஊர் திரும்பியபின் வகுப்புத் தோழிகள் சிலர் சேர்ந்து பழைய புகைப்படங்களைச் சேர்க்கத் தொடங்கினோம். பொம்பிளை மாப்பிள்ளை முக்கியமில்லை. பின்னால் தெரியும் வேலியும் மரமும்தான் எங்களுக்கு வேண்டும். இதுவரை 47 படங்கள். ஊரில் மரம் நடுவோர் இப்போது பலர். எந்த இடத்தில் முன்பு எது நின்றது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. இடம்பெயர்வில் நாங்கள் தொலைத்த அல்பங்களின் பிரதிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் உங்கள் அலுமாரிகளில் கிடக்கின்றன. பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, விளையாட்டுப் போட்டி எதுவானாலும் சரி. ஒரு பிரதி எடுத்து, இடத்தையும் வருடத்தையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

ஒரு படம் இப்போது எங்கள் கைப்பையில் இருக்கிறது. நமது வலைப்பந்தாட்ட அணி. பின்புறம் பென்சிலால் 1974 என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம், பாதிதான் தெரிகிறது. இலுப்பை என்கிறார் ஒரு ரீச்சர்; மகிழ் என்கிறார் இன்னொருவர்; அம்மா புளி என்று சாதிக்கிறார். அதன் கீழ் இருந்து சாப்பிட்ட அக்காமார் யாராவது இங்கே இருந்தால், தேநீர் நேரத்தில் எங்களைப் பிடியுங்கள்.