கம்பெனிக்கு 150 கிலோமீட்டர், நமக்கு?

(ஓசூரில் நடந்த நில உரிமைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏர்போர்ட் பற்றிப் பேசச் சொன்னார்கள். இங்கே எத்தனை பேர் பிளேன் ஏறியிருக்கீங்கன்னு கேட்டா நாலு கை தூக்கினா அதிகம். ஏறாதவன் எதுக்குப் பேசணும்? அது இறங்கப்போற மண்ணுல நாம கூலி வேலை செய்யுறோம், அதனால பேசணும்.

2024 ஜூன் 27 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். ஓசூரில் 2000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம், வருசத்துக்கு 3 கோடி பயணிகள். பேளகொண்டப்பள்ளியில் ஏற்கெனவே தனியார் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. ஆனால் புதிய நிலையத்துக்கு சூளகிரி வட்டத்தில் பேரிகை, பாகலூர் பக்கத்து நிலங்கள் பத்திரிகைகளில் அடிபட்டன. நிலத்தின் விலை ஏறுவதற்கு அந்தச் செய்தி போதாதா?

இதற்கு ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. பெங்களூர் விமான நிலையக் கம்பெனியோடு 2004ல் மத்திய அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதன்படி 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், மைசூரையும் ஹாசனையும் தவிர, இன்னொரு பன்னாட்டு விமான நிலையம் வரக்கூடாது. நிலையம் திறந்தது 2008 மே மாதம். அதிலிருந்து 25 வருசம், அதாவது 2033 வரைக்கும் இது செல்லும். அதனால்தான் ஓசூர் பேச்சு வரும்போதெல்லாம் சென்னையும் டெல்லியும் அந்தக் காகிதத்தையே புரட்டுகின்றன. ஒரு கம்பெனிக்குக் கொடுத்த வாக்கு தோழர்களே! அதை மீற அரசாங்கத்துக்கே கை நடுங்குது.

நமக்கும் ஒரு வாக்கு கொடுத்தாங்க. 1892ல் வெள்ளைக்காரன் அரசாங்கம் கொடுத்தது. அதற்கு முந்தின வருசம் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் நம் ஜனங்கள் கிடக்கும் கிடையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கு நிபந்தனையோடு நிலம் கொடுக்க உத்தரவானது. பத்து வருசத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அப்புறமும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்கலாம். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். இந்த வாக்குக்கு 25 வருசக் கெடுகூடக் கிடையாது. அந்த நிலத்தை இன்று யார் உழுகிறார்கள், யார் பிளாட் போட்டு விற்கிறார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டவர்கள் மேல் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு உயிர் போனது.

அன்றைக்கு ஓசூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. அப்புறம் தருமபுரி, 2004ல் கிருஷ்ணகிரி. மாவட்டம் மாற மாறப் பதிவேடும் கைமாறும். பழைய பதிவேட்டில் நிபந்தனை நிலம் என்று இருந்தது புதுப் பட்டாவில் எவன் பேரில் இருக்கிறது? 2000 ஏக்கருக்குக் கோடு போடுவதற்கு முன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. கோடு போட்ட பிறகு கேட்டால், நட்டஈட்டுப் பணத்தைப் பட்டாக்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டிருப்பான்.

அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் பாருங்க. தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் அரசு கொடுத்த நிலம் கைமாறினால் திருப்பி வாங்கித்தர கர்நாடகத்தில் 1978லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. ஓட்டைகள் உள்ள சட்டந்தான், ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதே கர்நாடகத்தில் தேவனஹள்ளியில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே 13 கிராமங்களில் 1777 ஏக்கரை விமானத் தொழில் பூங்காவுக்கு என்று எடுக்கப் பார்த்தார்கள். தலித் குடும்பங்களும் சேர்ந்து மூணு வருசத்துக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2025 ஜூலை 15 அன்று சித்தராமையா கைவிட்டார். விமான நிலையம் வந்ததோடு பசி அடங்குவதில்லை, அதைச் சுற்றியும் நிலம் கேட்கும்.

நம்ம அரசு என்ன செய்கிறது? 2013ல் வந்த மத்தியச் சட்டம், நிலமில்லாத கூலிக்காரரும் மூன்று வருசம் அந்த மண்ணை நம்பிப் பிழைத்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்கிறது. அவரைக் கண்டுபிடிக்க சமூகத் தாக்க ஆய்வு நடத்து என்கிறது. தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997ன் தொழிற்சாலை நில எடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் இந்த ஆய்வு இல்லை. உயர்நீதிமன்றம் 2019ல் அதைச் செல்லாது என்றதும், சட்டசபையில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021ல் உச்சநீதிமன்றமும் சரியென்றது. பரந்தூரில் அந்தச் சட்டத்தைத்தான் எடுத்தார்கள். ஆளை எண்ணவே மாட்டார்களாம், எண்ணிக்கையில் வந்தவனுக்கு மட்டும் கொடுப்பார்களாம்.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு தொழிற்பேட்டை வந்தபோது நான் மூணாவது படிக்கிறேன். எங்கப்பா பதினஞ்சு வருசமாப் பண்ணையம் பார்த்த கேழ்வரகுக் காடு போனது. காட்டுக்காரருக்குச் செக் வந்தது. எங்கப்பனுக்கு ஒரு தாளும் வரவில்லை, 'இந்த ஆள் இங்கே வேலை செய்தான்' என்றுகூட ஒரு வரி எங்கேயும் இல்லை. அப்புறம் அதே இடத்தில் வாட்ச்மேன் வேலைக்குக் கேட்டுப் போனார், ஆள் வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. அம்மா கடைசிவரை ரோஜாத் தோட்டத்தில் பூ வெட்டினாள். அந்தப் பூ பெங்களூரில் பிளேன் ஏறி வெளிநாடு போகும்.

டிக்கெட் விலைக்கு வர்றேன். 1994ல் ஏர் கார்ப்பரேஷன் சட்டத்தை ரத்து செய்த பிறகு கட்டணத்தைக் கம்பெனியே வைத்துக்கொள்கிறது, சந்தையில் கை வைக்க முடியாது என்கிறார்கள். கொரோனாவில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை கட்டணத்துக்கு மேல்வரம்பும் கீழ்வரம்பும் வைத்தது யார்? 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தானபோது, 500 கிலோமீட்டருக்கு 7500 ரூபாய்க்கு மேல் வாங்காதே என்று உத்தரவு போட்டது யார்? மனசு வைத்தால் முடிகிறது.

உடான் என்று ஒரு திட்டம். செருப்புப் போட்டவனும் பறப்பான் என்றார்கள். ஒரு மணிநேரப் பயணத்துக்கு 2500 ரூபாய் என்று 2017ல் தொடங்கினார்கள். அந்த விலையில் கம்பெனிக்குக் கட்டாத மிச்சத்தை அரசு ஈடுகட்டும். சேலத்தில் 2018ல் விட்டார்கள், நின்றது, 2023ல் மறுபடி விட்டார்கள். பறக்கட்டும், நான் வேண்டாம் என்கவில்லை. கம்பெனிக்கு விழும் துண்டை நிரப்பத் தெரிந்த அரசாங்கத்துக்கு, காடு போனதால் கூலி போன பொம்பளைக்கு விழும் துண்டு ஏன் தெரியவில்லை? கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. வெள்ளைக்காரன் விட்ட சின்ன ரயிலையும் பிடுங்கியதோடு சரி.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். பேரிகை, பாகலூர் பக்கத்துச் சேரி ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு பேர் வாருங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பழைய அ-பதிவேட்டின் நகல் கேட்டு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி வைத்திருக்கிறோம். எந்தக் காட்டில், யாரிடம், எத்தனை வருசமாகக் கூலி வேலை செய்கிறீர்கள் என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்தோ ரேகையோ வைத்து எடுத்து வாருங்கள். தெலுங்கில் இருந்தாலும் கன்னடத்தில் இருந்தாலும் சரி, நாம் மாற்றிக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டு.